கிணற்று நீரும் கிளினிக் கொப்பியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் ஒருவரைப் பற்றிய விபரங்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பிறந்த நாள் பதிவாளரிடம் இருக்கிறது. அடையாள அட்டையின் விபரம் கொழும்பில் ஆட்பதிவுத் திணைக்களத்தில். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது விதானையாரின் பட்டியலில். சலரோகத்துக்கும் பிரஷருக்கும் என்ன குளிசை என்பது அவரே பையில் கொண்டு திரியும் கிளினிக் கொப்பியில். வார்ட்டில் படுத்திருந்த நாட்களின் கதை ஆஸ்பத்திரிப் பதிவறையில் கட்டி வைத்த கோவையில். அவர் குடிக்கும் கிணற்று நீரில் என்ன கலந்திருக்கிறது என்பது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூட அறிக்கையில், அல்லது பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் ஆய்வேட்டின் பின்னிணைப்பில். கடைசியாக, மரணச் சான்றிதழ்.

இவற்றில் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு உண்மையைச் சொல்கிறது. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்றைத் தெரியாது. இந்த நீரைக் குடித்தவருக்கு இந்த நோய் வந்ததா என்ற கேள்விக்கு இவற்றில் எந்த ஒன்றும் தனித்து விடை தராது. விடை இரண்டு பதிவுகளுக்கு இடையில் இருக்கிறது. உலகின் பெரிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளங்கள் இன்று மிகுந்த பாடுபட்டுச் செய்ய முயல்வது இந்த இணைப்பைத்தான். நோய்ப் பதிவோடு நீரையும் காற்றையும் வசிப்பிடத்தையும் மரணத்தையும் பொருத்திப் பார்ப்பது. அது எப்படி நடக்கிறது, எங்கே தவறுகிறது, குடாநாட்டுக்கு அது ஏன் இப்போதே தேவை என்பதை ஆறுதலாகச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தேங்குவதுதான் குடிநீர். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று நான்கு பெரும் நிலத்தடி நீர்ப்படுக்கைகள். சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் அதிகம். மேலே போடுவது வடிபடாமல் விரைவில் கீழே போய்விடும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட யூரியா, வளவுக்கு வளவு இருக்கும் மலகூடக் குழிகளின் கசிவு, இரண்டும் நைட்ரேட்டாக மாறி அதே நீரில் சேர்கின்றன. இது புதிய கண்டுபிடிப்பல்ல. யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கிணறுகளின் நைட்ரேட் நிலை பற்றி நாகராஜாவும் அவருடன் பணியாற்றியோரும் 1988இல் ‘ட்ரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்’ இதழில் எழுதினார்கள். செறிவாகப் பயிர் செய்யும் இடங்களில் பல கிணறுகள் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருந்தன. அதன் பிறகு வந்த ஆய்வுகளும் இடத்துக்கிடம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இந்த எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அது எதற்காகப் போடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலமாகும் நோயைத் தடுப்பதற்காகப் போடப்பட்டது அது. முப்பது நாற்பது வருடம் அந்த நீரைக் குடித்த பெரியவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குள் அடங்கவில்லை. வயிற்றுக்குள் நைட்ரேட் நைட்ரைற்றாகி, பின் புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைட்ரசோச் சேர்மங்களாக மாற வழியுண்டு. அந்த மாற்றம் நடக்கும் நிலைமைகளில் உட்கொள்ளும் நைட்ரேட்டை, மனிதருக்குப் புற்றுநோய் தருவதற்குச் சாத்தியம் கூடியவற்றின் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது.

இலங்கையில் இந்த இரண்டையும் முதலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், புவி இரசாயனவியலாளர்கள். நாடு முழுவதும் கிணற்று நீர் எடுத்து இலங்கையின் நீர் இரசாயன வரைபடத் தொகுப்பை உருவாக்கிய சி. பி. திசாநாயக்கவும் எஸ். வி. ஆர். வீரசூரியவும், 1987இல் நைட்ரேட்டையும் புற்றுநோயையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நைட்ரேட் கூடிய இடம் எது, புற்றுநோய் கூடிய இடம் எது என்று பார்த்தபோது யாழ்ப்பாணம் இரண்டிலும் தெரிந்தது. துணிச்சலான வேலை. அவர்கள் அன்று அதைச் செய்திராவிட்டால் இந்தக் கேள்வி இன்னும் பல வருடம் எழாமலே கிடந்திருக்கும்.

ஆனால் அது பிரதேசத்தோடு பிரதேசத்தை ஒப்பிட்டது, மனிதரோடு கிணற்றை அல்ல. இந்த வேறுபாட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் நைட்ரேட்டும் கூட, களப் (உணவுக்குழாய்ப்) புற்றுநோயும் கூட என்றால், நைட்ரேட் நீரைக் குடித்தவர்களுக்குத்தான் புற்றுநோய் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே மாவட்டத்தில்தான் சுருட்டுக் கைத்தொழில் செழித்திருந்தது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கமும் அங்கேயே இருந்தது. தீவுப்பகுதியில் உவர் நீர் குடித்துச் சுருட்டுப் பிடித்தவருக்கு நோய் வந்திருக்கலாம். உரும்பிராயில் நைட்ரேட் கூடிய கிணற்றில் குடித்துச் சுருட்டையே தொடாதவர் தொண்ணூறு வயது வரை சுகமாக இருந்திருக்கலாம். மாவட்டச் சராசரியில் இருவரும் ஒரே புள்ளிக்குள் கரைந்துவிடுவார்கள். அவர்களைப் பிரித்தறிய ஒவ்வொருவரின் நோயும், அவர் குடித்த கிணறும், அவருடைய பழக்கமும் ஒரே வரியில் வர வேண்டும்.

அப்படி ஒரே வரியில் வந்தால் என்ன தெரியும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. அங்கே 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரஜை இலக்கம் உண்டு. அவர் எந்தத் திகதியில் எந்த விலாசத்துக்குக் குடிபெயர்ந்தார் என்பதும் அந்த இலக்கத்தோடு பதிவாகும். புற்றுநோய்ப் பதிவேடும் அதே இலக்கத்தில். குடிநீர்ச் சோதனை முடிவுகள் மட்டும் வேறொரு தரவுத்தளத்தில், மருத்துவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தன. ஆய்வாளர்கள் அந்த வெளித் தரவைக் கொண்டுவந்து விலாசம் வழியாக 27 இலட்சம் பேரோடு பொருத்தினார்கள். 1978 முதல் 2011 வரை, யார் எந்த ஆண்டு எவ்வளவு நைட்ரேட் உள்ள நீரைக் குடித்தார் என்று கணக்கிட்டார்கள். முடிவு 2018இல் வெளிவந்தது. லீட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கிட்டத்திலேயே பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயின் ஆபத்து சற்றுக் கூடத் தொடங்கியிருந்தது. 50 என்ற எல்லைக்கு வெகு கீழே. ஒருவருக்குக் கூடும் ஆபத்து சிறியதுதான். ஆனால் ஒரு நாடே குடிக்கும் நீரில் சிறிய ஆபத்து என்பது பல நூறு நோயாளிகள்.

டென்மார்க்கில் நீரை அளந்தவர்கள் புற்றுநோயை நினைத்து அளக்கவில்லை. நோயைப் பதிந்தவர்கள் நீரை நினைத்துப் பதியவில்லை. இரண்டும் ஒழுங்காக நடந்ததாலும், இடையில் ஒரு திறப்பு இருந்ததாலும், நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒருவர் வந்து கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது.

குடாநாட்டில் அந்தத் திறப்பு எது?

தேசிய அடையாள அட்டை இலக்கம் என்று உடனே தோன்றும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணானால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக வரும். பழையதைப் புதியதாக மாற்ற ஒழுங்கான விதி உண்டு என்பதால் அது பெரிய சிக்கலல்ல. சிக்கல் வேறு. பிள்ளைகளுக்கு அட்டை இல்லை. நெஞ்சு நோவோடு வந்தவரிடம் அட்டை கேட்டு நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. எனவே வார்ட்டுப் பதிவில் பெயரும் வயதும் ஊருமே உறுதியாக இருக்கும். சுகாதார அமைச்சு தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறது. கணினி முறை வந்த ஆஸ்பத்திரிகளில் அது பயன்படுகிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் 1990இல் வார்ட்டில் கிடந்தவரின் பழைய கோவையில் அந்த இலக்கம் இராது. கிணற்று நீர் அறிக்கையிலும் இராது.

ஆகவே பெயரை வைத்துத்தான் பொருத்த வேண்டும். இங்கே நம்முடைய பெயர்கள் இந்தத் துறையின் பழைய கருவிகளை முறித்துப் போட்டுவிடுகின்றன. எழுத்து மாறினாலும் ஒலி ஒத்த பெயர்களைப் பிடிப்பதற்கென்று ‘சவுண்டெக்ஸ்’ என்றொரு முறை 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. ஆங்கில எழுத்தில் பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் மெய்களில் மூன்றை மட்டும் எண்ணாக மாற்றும். ஆங்கிலப் பெயர்களுக்கு ஓரளவு போதும். நமக்கு? யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமூக மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரத்தைத் தமிழ் வாசகர்கள் நந்தி என்ற எழுத்தாளராக அறிவார்கள். அவருடைய பெயரை இந்த முறையில் போட்டால் எஸ் 125 என்று வரும். சிவகுமாருக்கும் எஸ் 125. சிவகணேசனுக்கும் எஸ் 125. நீண்ட பெயரின் முதல் பகுதியோடு கருவி நின்றுவிடுவதால் மூன்று வேறு மனிதர்கள் ஒருவராகிறார்கள். மறுபுறம், ஞானசேகரம் என்பதை ஒரு எழுதுவினைஞர் ‘ஜி’ எழுத்தில் தொடங்கியும் இன்னொருவர் ‘என்’ எழுத்தில் தொடங்கியும் எழுதினால், ஒரே மனிதர் இருவராகிவிடுகிறார்.

இதோடு முதலெழுத்தின் பிரச்சினை. நமக்குத் தகப்பன் பெயர் முன்னே. குடும்பப் பெயர் கிடையாது. மணமான பெண்ணுக்கு முன்னே நின்ற தகப்பன் பெயர் போய்க் கணவன் பெயர் வரும். ஒரே அம்மா பிறப்புப் பதிவில் ஒரு பெயரிலும், பிரசவ வார்ட்டில் இன்னொரு பெயரிலும், அடையாள அட்டையில் இரண்டும் கலந்தும் இருப்பார். பெயரை மட்டும் நம்பிப் பொருத்தினால் தவறிப்போகிறவர்களில் பெண்களே கூட இருப்பார்கள். ஆய்வு முடிவில் பெண்களின் நோய் குறைவாகத் தெரியும். உண்மையில் குறைந்தது நோயல்ல, இணைப்பு.

இதற்கு ஒரு வழி 1969இல் கனடாவின் இவான் ஃபெலேகியும் ஆலன் சண்டரும் எழுதிய கணிதத்தில் இருக்கிறது. எல்லாம் அச்சொட்டாக ஒத்துப்போக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு ஒற்றுமைக்கும் ஒரு நிறை கொடுத்தார்கள். ஆண், பெண் என்பது ஒத்துப்போனால் பெரிய சாட்சியல்ல, இரண்டில் ஒன்று தற்செயலாகவே ஒத்துப்போகும். பிறந்த மாதம் ஒத்துப்போனால் பன்னிரண்டில் ஒன்று. பிறந்த முழுத் திகதி ஒத்துப்போனால் அது கனமான சாட்சி. பெயரிலும் அப்படித்தான். சிவகுமார் என்ற பெயர் இரண்டு பட்டியலிலும் இருப்பதற்கு அதிகம் மதிப்பில்லை. ஊரில் ஒருவருக்கே உள்ள அபூர்வமான பெயர் இரண்டிலும் இருந்தால் மதிப்பு பல மடங்கு. எல்லா நிறைகளையும் கூட்டி, ஒரு அளவுக்கு மேலே வந்தால் ஒருவரே என்று கொள்வது, ஒரு அளவுக்குக் கீழே போனால் வேறு என்று விடுவது, நடுவில் நிற்பவற்றை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துத் தீர்ப்பது. குடாநாட்டுக்கு இந்த முறையை எடுப்பதென்றால், தகப்பன் பெயர், பேரன் பெயர், கோயிற்பற்று, கிராம அலுவலர் பிரிவு என்று நம்முடைய அடையாளங்களுக்கான நிறைகளை நாமே கணக்கிட வேண்டும். அதை வேறெந்த ஊரின் மென்பொருளும் செய்து தராது. ‘வேலுப்பிள்ளை’ எந்த ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

பெயருக்கு அடுத்தது விலாசம். கிணற்றை மனிதரோடு இணைப்பது விலாசம்தான். புற்றுநோய் வளரப் பத்து, இருபது, முப்பது வருடமாகும். ஆகவே இன்றைய நோயாளியின் இன்றைய கிணறு ஆய்வாளருக்கு அதிகம் உதவாது. 1985இல், 1995இல், 2005இல் அவர் எங்கே தண்ணீர் அள்ளினார் என்பதே வேண்டும்.

இந்த மண்ணில் அந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வளவு கனமான காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இருபது வருடத்துக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் இருந்தார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்குப் போனது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் பள்ளிக்கூடங்களில் இருந்தவர்கள், வன்னிக்குப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள். ஒருவரின் நிரந்தர விலாசம் பலாலி என்று காகிதத்தில் இருக்கும். அவர் குடித்ததெல்லாம் மல்லாகத்துக் கிணறாக இருக்கும். டென்மார்க்கின் முறையை அப்படியே இங்கே போட்டால், குடிக்காத கிணற்றின் நைட்ரேட் குடிக்காதவர் தலையில் விழும்.

ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் மனிதரிடமே. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத இடப்பெயர்வு வரலாறு அவரவர் நினைவில் திகதியோடு இருக்கிறது. பிள்ளை பிறந்தது எந்த முகாமில், தகப்பன் செத்தது எந்த ஊரில் என்பதை நம்மவர்கள் மறப்பதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஆய்வுக்குச் சம்மதிக்கும் நோயாளியிடம் அரைமணி நேரம் இருந்து, இருந்த ஊர்களையும் குடித்த நீரையும் வருட வாரியாக எழுதிக்கொண்டால், குடாநாட்டின் இணைப்புக்கு அதுவே முதுகெலும்பு. பொறுமையாகக் கேட்பவர் வேண்டும்; கேட்கும் விதமும் முக்கியம்.

மரணப் பதிவு இன்னொரு ஓட்டை. ஆஸ்பத்திரியில் இறந்தால் காரணத்தை மருத்துவர் எழுதுவார். வீட்டில் இறந்தால் விதானையாரும் வீட்டாரும் சொல்வதே பதிவாளரின் புத்தகத்தில் ஏறும். இப்படி வந்த மரணத்தை நோய்ப் பதிவோடு பொருத்த முடியாமல் போனால், அந்த மனிதர் ஆய்வுக் கணக்கில் சாகவே மாட்டார். வெளிநாடு போனவரும் அப்படியே. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேல் மக்கள். 2012இல் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம். போனவர்கள் யார், எந்த வயதில் போனார்கள் என்று தெரியாமல் எந்த நோய் வீதத்தையும் சரியாகச் சொல்ல முடியாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் நடத்தும் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்து இதே பிரச்சினையோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறது. தனி இலக்கம் எதுவும் இல்லாத அந்தக் காலத்திலேயே, மாநகராட்சியின் மரணப் பதிவுகளை எடுத்துப் பெயர் பெயராக நோயாளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை உருவாக்கினார்கள். காசு அதிகம் வேண்டாத வேலை, ஆள் வேண்டிய வேலை. யாழ்ப்பாணம் பார்க்க வேண்டிய முன்மாதிரி டென்மார்க்கைவிட அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி, போனவர்களின் கதை. நம்முடைய உடலைப் பற்றிய தரவு உலகத் தரவுத்தளங்களில் ஏற்கனவே இருக்கிறது. 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் 26 சமூகங்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணு வரிசை எடுக்கப்பட்டது. அந்த 26இல் ஒன்று, ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர். 102 பேர். உலகெங்கும் யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஆனால் அந்த 102 பேருக்கும் சலரோகம் இருந்ததா, இருதய நோய் வந்ததா, எந்த ஊர் நீரைக் குடித்து வளர்ந்தார்கள் என்பது எதுவும் அதோடு சேரவில்லை. அடையாளம் தெரியாமல் காப்பதற்காகவே அப்படி வடிவமைத்தார்கள். விளைவு, நம் மரபணு அங்கே. நம் நோய் இங்கே.

அந்த இடைவெளியை நிரப்பவென்று தொடங்கியவைதான் புதிய பெரும் தரவுத்தளங்கள். பிரித்தானியாவின் யூ.கே. பயோபாங்க் 2006 முதல் 2010 வரை 5 இலட்சம் பேரைச் சேர்த்து, ஆஸ்பத்திரிப் பதிவோடும் மரணப் பதிவோடும் இணைத்தது. ஆனால் அதில் மிகப் பெரும்பான்மையினர் வெள்ளையர். அமெரிக்காவில் 2018இல் நாடளாவிய அளவில் தொடங்கிய ‘ஆல் ஒஃப் அஸ்’ திட்டம் பத்து இலட்சம் பேரை இலக்காக வைத்தது. மருத்துவ ஆய்வில் இதுவரை இடம் கிடைக்காத சமூகங்களை முதலில் சேர்ப்பது என்பது அதன் கொள்கை. 2024இல் அவர்கள் வெளியிட்ட 2,45,388 மரபணுத் தொகுதிகளில் நான்கில் மூன்றுக்கு மேல் அத்தகைய சமூகங்களிலிருந்து வந்தவை. முன்பு யாரும் பதியாத 27 கோடிக்கு மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் அதில் தெரிந்தன. வெளித் தரவை இணைப்பதில் அவர்களுக்கு ஒரு இக்கட்டு உண்டு. பங்கேற்பாளரின் அயலைப் பற்றிய வறுமை, கல்வி விபரங்களைத் தபால் குறியீட்டின் முதல் மூன்று இலக்கத்தோடு நிறுத்திச் சேர்த்தார்கள். ஆளைக் காக்க அது உதவும்; ஆனால் அந்த மூன்று இலக்கத்துக்குள் பெரிய நிலப்பரப்பே அடங்கிவிடும். அடுத்தடுத்த இரு வளவுக் கிணறுகளிலேயே நைட்ரேட் மாறும் குடாநாட்டுக்கு அந்த அளவு துல்லியம் போதாது.

நமக்கு மிகக் கிட்டிய பாடம் ரொறன்ரோவில் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் ‘ஐசெஸ்’ என்ற ஆய்வு நிறுவனம் மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதிப் பதிவுகளை வைத்திருக்கிறது. 1985 முதல் நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர்களின் குடிவரவுப் பதிவு அதற்கு ஒரு வெளித் தரவு. பிறந்த நாடு, தாய்மொழி, கல்வி எல்லாம் அதில் உண்டு. பெயர், பிறந்த திகதி, பால் ஆகியவற்றால் பொருத்தியபோது நூற்றுக்கு 86 பேர் வரை பொருந்தினார்கள். வேறொரு இணைப்பில், பொதுவான சுகாதாரக் கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன ஏறக்குறைய 60,000 பேரை மாகாணத்தின் நீரிழிவுப் பதிவேட்டோடு பொருத்தினார்கள். 2011இல் வந்த முடிவு: வெள்ளையருக்கு உடல் நிறைச் சுட்டெண் 30இல் வரும் நீரிழிவு ஆபத்து, தென்னாசியருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. அதாவது பருமன் இல்லை என்று டொக்டர் சொல்லி அனுப்பும் உடம்பிலேயே ஆபத்து இருக்கிறது. கருத்துக்கணிப்பு தனியே இருந்திருந்தால் இது தெரிந்திராது. நீரிழிவுப் பதிவேடு தனியே இருந்திருந்தாலும் தெரிந்திராது.

ஸ்காபரோவில் இருக்கும் தமையனின் சலரோகம் கணக்கில் வருகிறது. கோண்டாவிலில் இருக்கும் தம்பியின் சலரோகம் கொப்பியில் கிடக்கிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், வேறு நீர், வேறு சாப்பாடு. இருவரையும் ஒப்பிட முடிந்தால் எவ்வளவு தெரியவரும்.

இவ்வளவு நன்மை சொன்ன பிறகு ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த மண்ணுக்குத் துரோகம். பட்டியல் என்ற சொல்லுக்கே இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 2011இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாக ஆட்களைப் பதிந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அந்த அனுபவம் உள்ள மக்களிடம், உங்கள் விலாசத்தையும் நோயையும் இடப்பெயர்வையும் ஒன்றாகச் சேர்க்கப்போகிறோம் என்று சொல்பவர் மிகத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெயரை அழித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பிழை. 1990களில் லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பெயர் நீக்கி வெளியிட்ட மசசூசெட்ஸ் ஆஸ்பத்திரித் தரவை வாக்காளர் பட்டியலோடு பொருத்தி, மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். அவருக்குத் தேவைப்பட்டவை தபால் குறியீடு, பிறந்த திகதி, பால் மூன்றும்தான். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். ஒரு பிரிவுக்குச் சராசரி 1,300 பேர் அளவில். அதற்குள் ஒருவருடைய அதே பாலில், ஆண்டும் நாளும் மாறாத அதே திகதியில் பிறந்த இன்னொருவர் இருப்பது அரிது. அனலைதீவு, எழுவைதீவு போன்ற இடங்களில் வயதையும் நோயையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அடையாள அட்டை இலக்கத்தைக் கணித முறையால் குழப்பி மறைப்பதும் தனியே போதாது. அந்த இலக்கத்துக்கு ஒழுங்கான அமைப்பு இருப்பதால், சாத்தியமான எல்லா இலக்கங்களையும் ஒரு சாதாரண கணினி விரைவிலேயே குழப்பிப் பார்த்து, எது எது என்று கண்டுபிடித்துவிடும். இரகசியத் திறப்பு ஒன்றும் கூடவே வேண்டும், அது ஆய்வாளர் கையில் இருக்கக் கூடாது.

மேற்கு அவுஸ்திரேலியா 1995 முதல் நடத்தி வரும் முறை இதற்கு நல்ல விடை. வேலையை மூன்றாகப் பிரிப்பது. அதை இங்கே கொண்டுவந்தால், ஆஸ்பத்திரி பெயரையும் பிறந்த திகதியையும் இருந்த விலாசங்களையும் மட்டும் இணைப்புப் பிரிவுக்கு அனுப்பும், நோயை அனுப்பாது. நீர் வழங்கல் சபை கிணறு இருக்கும் இடத்தையும் அளவையும் அனுப்பும், அதற்கு நோயாளி யாரென்று தெரியாது. இணைப்புப் பிரிவு இன்னார் இன்ன கிணறு என்று பொருத்தி, ஒரு பொருளற்ற எண்ணைக் கொடுத்து ஒதுங்கிவிடும். ஆய்வாளருக்குப் போவது அந்த எண், நோய், நைட்ரேட் கூடவா குறைவா என்ற வகை. பெயரும் இல்லை, கிணறு நிற்கும் ஒழுங்கையும் இல்லை. யாரும் முழுக் கதையையும் பார்க்க மாட்டார்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவையும் மரபணுத் தரவையும் விசேட வகையில் வைத்திருக்கிறது. சட்டத்தோடு நின்றுவிடாமல், இணைப்புப் பிரிவு யாழ்ப்பாணத்திலேயே, பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அறநெறிக் குழுவின் கண்காணிப்பில், ஊர்ப் பிரதிநிதிகளும் இருக்கும் சபையின் கீழ் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நோய்ப் பதிவை எடுக்கச் சம்மதம் வேறு, வெளித் தரவோடு இணைக்கச் சம்மதம் வேறு என்று தனித்தனியே கேட்க வேண்டும். கிணற்றை அளந்தால் அளவை வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். எடுத்துக்கொண்டு போவது மட்டுமாக இருந்தால் அடுத்த முறை ஒருவரும் படலை திறக்க மாட்டார்கள்.

இணைந்த பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சுன்னாகம் ஒருமுறை காட்டிவிட்டது. மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது தெரிந்து ஊர் எழுந்தபோது, ஒரு சோதனை ஒன்றைச் சொன்னது, ஒரு குழு வேறொன்றைச் சொன்னது. தாய்மார் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க எந்த நீர் என்று தெரியாமல் நின்றார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கிணறு பாழானதற்கான நட்டஈடு அது. உடம்புக்கு என்ன ஆனது என்று கேட்பதற்கு, இன்ன கிணற்றில் குடித்தவர் இன்னார் என்ற இணைந்த பதிவு வேண்டும். அந்த வீடுகளின் பட்டியல் இன்னும் எடுக்கக்கூடியதுதான். அந்த மனிதர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இப்போது அவசரம் ஏன் என்றால், நீர் மாறுகிறது. மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கட்டிய கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் 2024இல் இயங்கத் தொடங்கியது. குழாய் நீர் ஊர் ஊராக வருகிறது. நல்லதுதான், வர வேண்டியது. ஆனால் வந்த பிறகு கிணற்றை யாரும் அளக்கப்போவதில்லை. இத்தனை தலைமுறை குடித்த நீரின் அளவு அதோடு போய்விடும். மறுபக்கம், இன்ன திகதிக்கு முன் கிணற்று நீர், பின் குழாய் நீர் என்று வீட்டுக்கு வீடு ஒரு எல்லைக்கோடு கிடைக்கிறது. எந்த ஆய்வாளரும் கேட்டு வாங்க முடியாத வாய்ப்பு அது. நாகராஜா குழுவினரின் 1988ஆம் ஆண்டு அட்டவணைகளையும், அதன் பின் வந்த ஆய்வேடுகளில் கிடக்கும் கிணற்று அளவுகளையும் ஊர்ப் பெயரோடு கணினியில் ஏற்றுவது ஒரு சில மாணவர்களின் ஒரு வருட வேலை. தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு வரும் நோயாளிகளில் சம்மதிப்பவர்களிடம் இருந்த ஊர்களைக் கேட்டு எழுதுவது இன்னொன்று. மூன்றாவது நீர் வழங்கல் சபையிடம் கேட்பது: ஒரு வீட்டுக்குக் குழாய் இணைக்கும் நாளில், இணைப்புத் திகதியை எழுதும் அதே படிவத்தில், அந்த வீட்டுக் கிணற்று நீரையும் ஒரு போத்தலில் எடுத்து நைட்ரேட் அளவை எழுதி வையுங்கள்.